கதவு போனால் கூரை போகும்

(புயல் காலம் தொடங்குமுன் அம்பத்தூரில் கூடிய ஆலைத் தொழிலாளர்கள், ஆவடி - பூந்தமல்லி வட்டாரக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. போனஸைப் பற்றியும் பேசப் போவதில்லை. கதவைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் பேசப் போகிறோம். “இதென்ன, ஆசாரியும் கொத்தனாரும் பேச வேண்டிய விஷயத்தைக் கட்சிக்காரன் பேச வந்துவிட்டானே!” என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. கடைசிவரை கேளுங்கள். கேட்டுவிட்டு, இது நம் விஷயமா இல்லையா என்று நீங்களே முடிவு சொல்லுங்கள்.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்த நாள். காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வீசிற்று. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கரண்ட் கம்பங்கள் முறிந்தன. கடலோரத்தோடு அது நின்றுவிடவில்லை. பாடி, கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று மேற்கு நோக்கி நம் தலைமேலேயே நடந்து போயிற்று. “நாம் கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறோம், புயல் நமக்கில்லை” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று நம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் நடந்ததைச் சொல்கிறோம். முதலாளியின் பெயர் வேண்டாம். அப்படிப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்றால் பெயரைச் சொல்லலாம். வடக்குப் பக்கம் பெரிய ஷட்டர், பத்தடிக்குப் பத்தடி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று வடக்கிலிருந்து அறைய ஆரம்பித்தது. ஷட்டரின் வயிறு உள்பக்கமாகப் பிதுங்கிற்று. சூப்பர்வைசர் கத்தினார்: “மெஷின் நனைஞ்சிடும், ஷட்டரைப் பிடிங்கடா!” ஐந்து பேர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார்கள். ஒடிசா மாநிலம் கஞ்சம் ஜில்லாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி மட்டும், தெரிந்த தமிழில், “வேண்டாம் அண்ணா, தள்ளி வா, தள்ளி வா” என்று கூவிக்கொண்டிருந்தார். 2013 அக்டோபர் 12-ம் தேதி பைலின் புயல் அவர் ஜில்லாவில்தான், கோபால்பூர் அருகே கரை கடந்தது. அவர் கண்ணால் பார்த்தவர். யார் கேட்டார்கள்?

ஷட்டர் கைடு சானலை விட்டுக் கழன்று உள்ளே பாய்ந்தது. ஒரு பையனுக்குக் கை முறிந்தது. அது நடந்த மறு நிமிஷமே கூரையிலிருந்து ஷீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்க ஆரம்பித்தன. மெஷினும் நனைந்தது, மனிதனும் முறிந்தான்.

மறுநாள் காலையில் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போய்ச் சேர்ந்தோம். நஷ்டஈடு பற்றிப் பேச்சு எடுத்தபோது நிர்வாகத்தின் தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “இவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. கெட்டியாகப் பிடித்திருந்தால் ஷட்டர் நின்றிருக்கும், கூரையும் நின்றிருக்கும்.” பழி தொழிலாளியின் தோளில்! நமக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாவது வரை படித்த படிப்பு அங்கே உதவவில்லை. வைத்தியச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அந்த வெட்கம்தான் நம்மைப் படிக்க வைத்தது. ரிடையரான ஒரு எஞ்சினீயர், நல்ல மனிதர், சில ஞாயிற்றுக்கிழமைகளை நமக்காக ஒதுக்கி, கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். அன்று சொல்லத் தவறிய பதிலை இன்று உங்கள் முன்னால் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வீசுகிறதோ, அதை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர்மேல் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். 9.8 நியூட்டன் என்பது ஒரு கிலோ எடை. ஒரு சதுர மீட்டர் என்பது பத்தே முக்கால் சதுர அடி. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு வாசற்கதவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 20 சதுர அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அதன்மேல் முழுசாக மோதினால் 30 கிலோவுக்குச் சற்று மேல் தள்ளுகிறது. ஒரு ஆள் பிடித்துக்கொள்ளலாம். 120 கிலோமீட்டர் ஆனால்? இரண்டு மடங்குதானே, 60 கிலோ என்று நினைக்கத் தோன்றும். அதுதான் இல்லை. 126 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. 180 கிலோமீட்டர் ஆனால் 284 கிலோ. வேகம் மூன்று மடங்கு, தள்ளு ஒன்பது மடங்கு. காற்றின் தன்மை அப்படி. முதலில் விளையாட்டுப் போலத் தட்டும், கொஞ்சம் வேகம் கூடினதும் மாடு முட்டுவது போல் முட்டும்.

இப்போது அந்த ஷட்டருக்கு வருவோம். நூறு சதுர அடி. நிர்வாகத்துக்குச் சலுகை கொடுத்தே கணக்குப் போடுவோம். அந்த ஷெட்டின்மேல் அன்று மணிக்கு 100 கிலோமீட்டர்தான் காற்று என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 4.4 கிலோ. நூறு சதுர அடிக்கு 440 கிலோ. ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 88 கிலோ. அதுவும் ஒரே சீராக இல்லை. விட்டு விட்டு, விநாடிக்கு விநாடி ஏறி இறங்கி அறைகிறது. ஈரத் தரையில் செருப்புக் காலோடு நின்று, ஆளுக்கு 88 கிலோவைத் தோளால் தாங்க வேண்டுமாம். தாங்காவிட்டால் அது தொழிலாளியின் குற்றமாம். தோழர்களே, இதுதான் அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அடுத்த கேள்வி: ஷட்டர் போனதும் கூரை ஏன் போயிற்று? இதுதான் இன்றைய பேச்சின் சாரம். கவனமாகக் கேளுங்கள்.

காற்று ஒரு கட்டிடத்தின்மேல் மோதும்போது எதிரே உள்ள சுவரைத் தள்ளுகிறது. பக்கச் சுவர்களையும் பின்சுவரையும் கூரையையும் வெளிப்பக்கமாக உறிஞ்சுகிறது. கூரை காற்றால் அமுக்கப்படுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சரிவு குறைந்த ஷீட் கூரையைக் காற்று அமுக்குவதில்லை, மேலே இழுக்கிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு இன்னும் அதிகம். கதவும் ஜன்னலும் மூடியிருக்கும் வரையில் கூரைக்கு இந்த ஒரு எதிரிதான். காற்று வரும் பக்கத்துக் கதவு உடைந்ததும் என்ன ஆகிறது? காற்று உள்ளே புகுந்து, வெளியே போக வழியில்லாமல், பலூனுக்குள் ஊதினது போல் நாலு பக்கமும் தள்ளுகிறது. மேலேயிருந்து இழுப்பு, கீழேயிருந்து தள்ளு. கூரைக்கு இரண்டு எதிரிகள்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 875 என்ற விதிநூலின் மூன்றாம் பாகம் காற்றைப் பற்றியது. 1957-ல் முதலில் வந்த நூல். 1964-லும் 1987-லும் திருத்தப்பட்டு, காற்றுப் பாகம் கடைசியாக 2015-ல் புதுப்பிக்கப்பட்டது. சுவரில் திறப்புகள் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள் இருந்தால் உள்ளழுத்தத்துக்கு 0.2 என்று கணக்கில் வை, ஐந்து முதல் இருபது பங்கு என்றால் 0.5, இருபதுக்கு மேலே போனால் 0.7 என்று அது சொல்கிறது. ஷட்டர் நிற்கும் வரை அந்த ஷெட் 0.2 என்ற வகையில் இருந்தது. ஷட்டர் பிய்ந்த அந்த நிமிஷத்தில் 0.7-க்குத் தாவிவிட்டது. கூரையின் வெளி இழுப்பு 0.9 என்று வைத்தால், முதலில் மொத்தம் 1.1. பிறகு மொத்தம் 1.6. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! காற்றின் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. கதவு ஒன்று போனது, அவ்வளவே. ஜே போல்ட்டுகள் எந்தச் சுமையை நம்பி மாட்டப்பட்டனவோ, அதற்கு மேல் பாதிச் சுமை ஒரே நிமிஷத்தில் ஏறிவிட்டது. அதனால்தான் சொல்கிறோம்: கதவு போனால் கூரை போகும். கதவுக்குக் கீல் எப்படியோ, கூரைக்குக் கதவு அப்படி.

இது நாம் மட்டும் பட்ட பாடு இல்லை. 1974-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை டிரேஸி என்ற புயல் நாசம் செய்தது. ஜார்ஜ் வாக்கர் என்ற எஞ்சினீயர் போய் ஆராய்ந்தார். பறந்து வந்த சாமான்கள் ஜன்னல்களை உடைத்தன, உள்ளே அழுத்தம் ஏறிற்று, ஆட்டத்தில் களைத்துப்போன ஷீட், ஆணிகளையும் ஸ்க்ரூக்களையும் சுற்றிக் கிழிந்து கழன்றது என்று கண்டார். அதற்குப் பிறகு அங்கே கட்டிட விதிகள் மாறின. 1992 ஆகஸ்ட் 24-ம் தேதி அமெரிக்காவில் தெற்கு புளோரிடாவை ஆண்ட்ரூ புயல் அடித்தது. அதன்பின் அந்த வட்டாரத்தில் ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். நாலு கிலோ எடையுள்ள மரக்கட்டையை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஜன்னலின்மேல் எறிவார்கள். பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை தள்ளியும் இழுத்தும் பார்ப்பார்கள். காப்பு மூடி இல்லாத ஜன்னல் என்றால் அதற்கும் தாங்க வேண்டும். ஏன் கட்டையை எறிகிறார்கள்? புயலில் கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் வெறும் காற்று இல்லை. அடுத்த வீட்டிலிருந்து பறந்து வரும் தகடும் கட்டையும்தான். நம் பக்கத்து ஷெட்டின் கூரை நம் ஷெட்டின் ஜன்னலுக்குக் குண்டு. ஒருவன் கூரையை விட்டுவிட்டால் தெருவே அடி வாங்கும்.

சரி, நம் வட்டாரத்துக்கு விதிநூல் என்ன வேகம் சொல்கிறது? சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஐம்பது வருஷத்தில் ஒரு தடவை எதிர்பார்க்கக்கூடிய மூன்று விநாடி வீச்சு அது. கோயம்புத்தூருக்கு 39 மீட்டர்தான். 39-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசமில்லையே என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள். இங்கே தள்ளு ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, 1.64 மடங்கு வருகிறது. கோவைக்குப் போதுமான ஷட்டர் அம்பத்தூருக்குப் போதாது. ஒரே மாதிரி ஷட்டரை இரண்டு ஊருக்கும் விற்பவர் ஒரு ஊரை ஏமாற்றுகிறார்.

180 கிலோமீட்டரில் ஒரு சதுர அடிக்கு 14.2 கிலோ. அந்தப் பத்தடி ஷட்டருக்கு 1,420 கிலோ. கட்டிடத்தின் உயரம், சுற்றுப்புறத்தில் எத்தனை வீடு மறைக்கிறது என்பதைப் பார்த்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் கொள்வார்கள். அது எஞ்சினீயர் வேலை. அடி எண் இதுதான்.

இன்னொரு விஷயம் அந்த நூலில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் அகலத்துக்குள் இருக்கும் இடங்களைப் புயல் பிரதேசம் என்று அது தனியாக வைக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். இந்தப் பிரதேசத்தில், படத்தில் போட்ட வேகத்தையும் புயல் அடிக்கடி மீறுகிறது என்று நூலே ஒப்புக்கொள்கிறது. அதனால் வேகத்தை மேலும் பெருக்கச் சொல்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், புயல் தங்குமிடம் போன்றவற்றுக்கு 1.30. தொழிற்சாலைக் கட்டிடங்களுக்கு 1.15. மற்ற எல்லாவற்றுக்கும் 1.00.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே. வேகத்தை 1.15-ஆல் பெருக்கினால் தள்ளு 1.32 மடங்காகிறது. நம் ஷட்டரின் 1,420 கிலோ ஏறக்குறைய 1,880 கிலோவாகிறது. தொழிற்சாலை ஷட்டர் அதற்குத் தாங்க வேண்டும் என்பது நூலின் வாக்கு. நல்லது. மற்ற எல்லாம் என்ற அந்த 1.00-ல் யார் இருக்கிறார்கள்? நம் வீடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அதிகம் கேட்டது நியாயம். புயலுக்குப் பிறகு எல்லோரும் ஓடுவது அங்கேதான். அதைக் குறை சொல்லவில்லை. மெஷின் இருக்கும் இடத்துக்கு 1.15, அதை ஓட்டுகிறவனின் பெண்டாட்டி பிள்ளை தூங்கும் இடத்துக்கு 1.00 என்பதைத்தான் கவனியுங்கள் என்கிறோம். அந்த 1.00-ஆவது நம் வீடுகளுக்குக் கிடைத்திருக்கிறதா? பட்டரவாக்கத்திலும் அத்திப்பட்டிலும் வரிசை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளைப் பாருங்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வாசலுக்கு ஒரு தகரக் கதவோ பிளாஸ்டிக் கதவோ, இரண்டு கீல், சுண்டுவிரல் கனத்தில் ஒரு தாழ்ப்பாள். இதற்கு 284 கிலோ கணக்கை யார் போட்டார்கள்? ஒருவரும் போடவில்லை.

பூந்தமல்லிக்கு மேற்கே, திருநின்றவூர்ப் பக்கம் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது நம் டெல்டா சகோதரர்களின் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் என்ன கதி ஆயின என்று உங்களுக்குத் தெரியும். மண் சுவரும் கீற்றுக் கூரையும் உள்ள வீட்டைக் கதவை மட்டும் பலப்படுத்திக் காப்பாற்றிவிடலாம் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். எச்சரிக்கை வந்தால் பெட்டியையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு நல்ல கட்டிடத்துக்குப் போய்விடுங்கள். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்துக்கு 1.30 வைத்திருக்கிறது. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஜன்னலுக்குக் கொண்டி இருக்கிறதா, கதவின் நிலை ஆடுகிறதா என்று ஐப்பசிக்கு முன்னாலேயே போய்ப் பார்த்து வையுங்கள். புயல் வந்த ராத்திரியில் பார்த்துப் பிரயோஜனமில்லை.

நம் தாத்தா பாட்டி வீட்டுக் கதவுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கட்டை போடுவார்கள், ஞாபகமிருக்கிறதா? இரண்டு பக்கச் சுவரிலும் குழி இருக்கும். அதில் கட்டையின் முனை உட்காரும். திருடனுக்காகப் போட்டார்கள் என்று நினைக்கிறோம். காற்றுக்கும் அதுதான் நல்ல வைத்தியம். கதவின் சுமை சின்னத் தாழ்ப்பாளில் நிற்காமல் சுவருக்குப் போகிறது. சுமை எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் முழு விஷயமும். கண்ணாடியிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும், அங்கிருந்து நிலைக்கு, நிலையிலிருந்து சுவருக்கு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே அறும். ஆயிரம் ரூபாய்க் கதவு பத்து ரூபாய் ஸ்க்ரூவில் போய்விடும்.

ஆகவே நம் கையால் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறோம். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பிடிகள் பக்கத்துக்கு மூன்றாவது இருக்கட்டும், சிமெண்டில் நன்றாகப் புதைந்திருக்கட்டும். கதவுக்கு மூன்று கீல். கீலுக்கு ஆணி அடிக்காதீர்கள், ஸ்க்ரூ முடுக்குங்கள். தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. முடிந்தால் குறுக்குக் கட்டை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பிளைவுட் பலகை வைத்து ஸ்க்ரூ போடுங்கள். கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவது கண்ணாடியைக் காப்பாற்றாது.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் நம் ஜனங்களிடம் இருக்கிறது. “ஒரு ஜன்னலைத் திறந்து வை, காற்று புகுந்து புறப்பட்டுப் போகட்டும்” என்பார்கள். செய்யாதீர்கள். காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறப்பது பலூனின் வாயைத் திறப்பது போல. “அப்படியானால் எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறக்கலாமே” என்று கேட்கலாம். வர்தாவின்போது பார்த்தோமே! முதலில் வடக்கிலிருந்து அடித்தது. பிறகு புயலின் கண் நம்மேல் வந்ததும் காற்று அடங்கிற்று. ஜனங்கள் முடிந்தது என்று தெருவுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. பின்ஜன்னல் முன்ஜன்னல் ஆகிவிட்டது. எல்லாக் கதவும் ஜன்னலும் எல்லாத் திசைக்கும் தாங்க வேண்டும். இடையில் காற்று அடங்கினால் வெளியே வரவும் வேண்டாம்.

இனி நம் கையில் இல்லாததை, கேட்டு வாங்க வேண்டியதைச் சொல்கிறோம்.

ஒன்று. பாக்டரியில் கிரேனைப் பார்த்திருக்கிறீர்கள். இத்தனை டன்தான் தூக்கலாம் என்று அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஷட்டரின்மேல் ஏன் எழுதியில்லை? இத்தனை கிலோ காற்றுக்குத் தாங்கும் என்று ஷட்டருக்கும் பெரிய ஜன்னலுக்கும் எழுத்து மூலம் எண் வேண்டும். எண் சொல்ல முடியாத ஷட்டர் கணக்குப் போடாமல் மாட்டிய ஷட்டர். ஆபத்தான கட்டிடத்துக்குப் படமும் விவரமும் கேட்கவும், சோதிக்கச் சொல்லவும், பழுது பார்க்கும் வரை மூடி வைக்கவும் 1948-ம் ஆண்டு பாக்டரி சட்டத்திலேயே 39, 40-ம் பிரிவுகள் இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் கொடுத்தன. சட்டத்தின் பெயர் மாறலாம். நம் கேள்வி மாற வேண்டியதில்லை.

இரண்டு. புயல் காலத்துக்கு முன் பழுது பார்க்க வேண்டும். ஷட்டரின் தகடுகள் கைடு சானலுக்குள் போதுமான ஆழம் உட்கார்ந்திருக்கின்றனவா? ஓரத்தில் கழலாமல் பிடிக்கும் கொக்கிகள் உண்டா? அகலமான ஷட்டருக்கு நடுவில் மாட்டிக் கழற்றும் இரும்புத் தூண் உண்டா? கூரையின் ஜே போல்ட்டுகளில் துருப்பிடித்தவை எத்தனை? இதைப் பார்க்க நிர்வாகத்தோடு தொழிலாளர் பிரதிநிதியும் போக வேண்டும். ஃபிட்டரும் வெல்டரும் நம்மிடமே இருக்கிறார்கள். எது ஆடுகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மூன்று. புயல் எச்சரிக்கை நாளில் சம்பளத்தோடு விடுமுறை. ஷட்டருக்குத் தோள் கொடு என்று எந்தத் தொழிலாளிக்கும் உத்தரவு போடக் கூடாது. போட்டால் மறுக்க வேண்டும். காரணம் கேட்டால் 440 கிலோ கணக்கைச் சொல்லுங்கள்.

நாலு. சர்க்கார் செலவில் கட்டும் வீடுகள். 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். கான்கிரீட் கூரை என்றார்கள். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் காண்டிராக்டர் கூரையைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, கதவுக்கும் ஜன்னலுக்கும் மிச்சம் பிடிப்பது நாம் அறியாததல்ல. நிலைக்கு எத்தனை பிடி, கதவுக்கு எத்தனை கீல் என்று எஸ்டிமேட்டிலேயே எழுத வேண்டும். கிராம சபையில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். வாடகை அறை கட்டுகிறவர்களுக்கும் இதே விதியைக் கட்டாயமாக்க வேண்டும்.

தோழர்களே, இவற்றில் எதுவும் ஆகாத காரியம் இல்லை. ஒரு கீலும் நாலு ஸ்க்ரூவும் என்ன விலை? கழற்றி மாட்டும் ஒரு இரும்புத் தூண் என்ன விலை? முறிந்த கைக்கு என்ன விலை? கணக்கு ரகசியமாக இல்லை. நூல் அச்சிட்டு வைத்திருக்கிறது. நம்மிடம் படித்துக் காட்ட யாரும் வரவில்லை, நாமும் கேட்கவில்லை. இனிக் கேட்போம்.

கை முறிந்த அந்தத் தோழர் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்றும் அந்தக் கையால் கனமான சாமானைத் தூக்க முடியாது. “நான் கெட்டியாகப் பிடிக்கவில்லையோ” என்று வெகுநாள் தன்னையே நொந்துகொண்டிருந்தார். தோழரே, நீங்கள் கெட்டியாகத்தான் பிடித்தீர்கள். உங்கள் தோளை அங்கே வைக்கச் சொன்னதுதான் தப்பு. இதை இந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லத்தான் இந்தக் கணக்கைப் படித்தோம்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வாசற்கதவை இழுத்துப் பாருங்கள். கீலை ஆட்டிப் பாருங்கள். நாளைக் காலையில் ஷெட்டுக்குள் போனதும் ஷட்டரை அண்ணாந்து பாருங்கள். பார்த்ததை அடுத்த வாரக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து, மழை பிடிக்குமுன் நிர்வாகங்களிடம் கொடுப்போம்.